கிரீடம் மார்க் பை

எங்க ஊர்ல அந்த வருசம் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சு. கோல்ப் ஆடுறவங்க எல்லாருமே கிரீடம் மார்க் ஸ்டிக்லதான் ஆடுறாங்கன்னு. கோப்பிக் கடையில கேட்டாலும் அதான், கிளப்புல பை தூக்குறவங்களைக் கேட்டாலும் அதான். கோல்ப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காத மீன்காரர் ஒருநாள் எங்கிட்ட, "கிரீடத்தை வித்தே கொழுத்துட்டீங்க போல"ன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு எரிச்சல். மலாக்காவுக்கே கிரீடம் மார்க் ஏஜென்டு நான்தான். என் கையால நான் வித்தது ஒரே ஒரு செட். அதுவும் ஆடுறதுக்கு இல்ல. ஒரு சீனத் தவுக்கே, பெரிய முதலாளி, மருமகனுக்குக் கல்யாணப் பரிசு குடுக்கணும்னு வாங்கிட்டுப் போனாரு. அந்த மருமகன் இன்னைக்கு வரைக்கும் அதைத் தொட்டுப் பாத்திருக்க மாட்டாரு.

என் பேரு சந்திரமதி. காஜா பேராங் ரோட்டுல, கம்போங் செட்டிக்குத் திரும்புற முனையைத் தாண்டினா எங்க கடை. 'சேதுராமன் ஸ்போர்ட்ஸ்'னு போர்டு. சேதுராமன் என் வீட்டுக்காரர். கிளப்புல வெள்ளைக்காரத் துரைங்களுக்குப் பை தூக்கிக்கிட்டு இருந்தவரு, எப்படியோ நாலு பேரைப் பிடிச்சுக் கடை வெச்சு, கிரீடம் மார்க் ஏஜென்சியும் வாங்கிட்டாரு. வாங்கின கையோட காய்ச்சல்ல போயிட்டாரு. எல்லாரும் கடையை மூடச் சொன்னாங்க. பொம்பளை எப்படிக் கோல்ப் சாமான் விப்பான்னாங்க. மூடச் சொன்னதுனாலதான் நான் மூடல. என் குணம் அப்படி.

எனக்குக் கூடமாட இருந்தவரு அண்ணாமலை பிச்சை. கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்னாடியே இங்க வந்துட்ட செட்டிங்க வம்சம். நெத்தியில திருநீறு பளிச்சுன்னு இருக்கும், சாமி பேரு அத்தனையும் தெரியும், ஆனா பேசுறது மலாய்தான். தமிழ் பாதி புரியும், பதில் வராது. என்னை 'காக்'னுதான் கூப்பிடுவாரு, அக்கான்னு அர்த்தம். பேட்மின்டன் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுறதுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. நாங்க ரெண்டு பேரும் மலாயிலயே காலத்தை ஓட்டிட்டோம்.

இப்ப விசயத்துக்கு வரேன். கிரீடம் மார்க் ஸ்டிக் கண்ணாடி அலமாரியில அப்படியே நிக்கும். நான் தினம் துடைப்பேன். ரோட்டுல போறவங்க நின்னு பாப்பாங்க, பெருமூச்சு விடுவாங்க, போயிடுவாங்க. ஆனா கிரீடம் மார்க் பை இருக்கு பாருங்க, ஸ்டிக்கெல்லாம் போட்டுத் தோள்ல மாட்டுற தோல் பை, மேல ஒரு மூடி, மூடிக்கு ஒரு சின்னப் பூட்டு, அது சுடச்சுடப் போகும். அதே மாதிரி ஸ்டிக் மண்டைக்கு மாட்டுற உறையும். சிவப்புத் தோல்ல தங்க நூல்ல கிரீடம் தெச்சிருக்கும். வந்த பெட்டி வந்த வாரமே காலி. எனக்கும் அது ஒரு புதிர்தான். பை இங்க வாங்குறான், உறை இங்க வாங்குறான், ஸ்டிக் மட்டும் எங்க வாங்குறான்? சிங்கப்பூர் போய் வாங்கிட்டு வருவாங்களாட்டம் இருக்குன்னு நெனச்சு விட்டுட்டேன். வித்தவரைக்கும் லாபம்னு இருந்தேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து மெர்டேக்கா கொண்டாடின சத்தம் அடங்கி, கொடியெல்லாம் இன்னும் கம்பத்துல பறந்துக்கிட்டு இருந்த சமயம். சிங்கப்பூர்லேருந்து கிரீடம் மார்க் கம்பெனி ஆளு வந்தாரு. ராஜரத்தினம்னு பேரு, யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை சட்டை, வெள்ளைக் காலுசட்டை, கால்ல போட்ட சப்பாத்து மட்டும் ரெண்டு நிறம். கடையில அப்ப நல்ல கூட்டம். பந்து வாங்க வந்தவங்க, பக்கத்து வீட்டு ஜெயா, பிச்சை, எல்லாரும் இருக்காங்க. மனுசன் உக்காரக்கூட இல்ல.

"பிள்ளை, நான் ஞாயிற்றுக்கிழமை உங்கட கிளப்பில ஆடினனான். நிண்டு பாத்தால் வரிசையா எல்லாற்ற பையும் கிரீடம். துரைமாரும் கிரீடம், சீனரும் கிரீடம், எங்கட ஆக்களும் கிரீடம். பிறகு ஏன் உங்களிட்டயிருந்து ஸ்டிக்குக்கு ஓடர் வாறேல்லை? பையும் உறையும் மட்டும் கேக்கிறியள்."

"எனக்கும் அதான் ஐயா புரியல"ன்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"புரியேல்லையோ? சிங்கப்பூரில வரியில்லாமல் இறங்கிற சாமான் ஜொகூர் பக்கத்தால லொறியில வாறது எங்களுக்குத் தெரியாதோ? ஸ்டிக்கை அங்க வாங்கி இங்க விக்கிறியள். ஊர் அறிய வேண்டாம் எண்டு பையை மட்டும் எங்களிட்ட எடுக்கிறியள். இது கள்ளச் சரக்கு யாவாரம்."

ரோடு வரைக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு. ஜெயா வாயில கை வெச்சுக்கிட்டா. பந்து வாங்க வந்தவர் பந்தை மேசையிலயே வெச்சுட்டு மெல்ல நழுவிட்டாரு. எனக்குக் காது ரெண்டும் கொதிச்சுது.

அவரே முடிவும் சொல்லிட்டாரு. ஆயுத பூசைக்கு மறுநாள் கிளப்புல ஒரு பெரிய ஆட்டம். அதுக்காகப் பூசையன்னைக்கே மலாக்கா வர்றாராம். அதுக்குள்ள அந்த ஸ்டிக்கெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு நான் காட்டணும். காட்டலைன்னா ஏஜென்சி போர்டைக் கழட்டி ஆத்துப் பக்கத்துப் பெரிய கடைக்குக் குடுத்துடுவாங்க, கஸ்டம்ஸ்லயும் எழுதி வெச்சுடுவாங்க.

போர்டு போனா கடை போச்சு. அது எனக்குத் தெரியும். ஆனா அதைவிட அந்த 'கள்ளச் சரக்கு'ங்கிற சொல்லு என்னை என்ன ஆட்டு ஆட்டுச்சு தெரியுமா. மறுநாள் பசார்ல கருவாட்டுக்காரி என்னைப் பாத்துட்டுப் பக்கத்துல இருந்தவ காதுல என்னமோ சொன்னா. எங்க குடும்பத்துல ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவங்க உண்டு, கூலிக்கு மண் சுமந்தவங்க உண்டு, திருட்டுச் சாமான் தொட்டவங்க கிடையாது. போர்டு போனா வேற போர்டு மாட்டிக்கலாம், பேரு போனா எங்க போய் மாட்டுறது?

சரி, ஆனது ஆகட்டும், கண்டுபிடிச்சே தீருறதுன்னு கிளம்பினேன். மொதல்ல ஆத்துப் பக்கத்துப் பெரிய கடை. குடை வாங்குற சாக்குல போய் மூலை முடுக்கெல்லாம் பாத்தேன். டென்னிஸ் இருக்கு, பிங்பாங் இருக்கு, கிரீடம் மார்க் மருந்துக்குக்கூட இல்ல. அந்தக் கடைக்காரரே எங்கிட்ட ரகசியமா, "நீ எப்படி இவ்வளவு விக்கிற, எனக்கும் சொல்லேன்"ன்னு கேட்டாரு. சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. வேண்டாத குடை ஒண்ணு வாங்கினதுதான் மிச்சம்.

அடுத்தது மருதமுத்து. கிளப்புல பை தூக்குறவங்களுக்கெல்லாம் தலைவன் மாதிரி. எங்க வீட்டுக்காரருக்குக் கூட்டாளி, எனக்குக் கொழுந்தன் முறை. கோப்பிக் கடையில பிடிச்சேன்.

"ஏன்டா, எல்லாரும் கிரீடத்துலதான் ஆடுறாங்களா?"

"பை எல்லாம் கிரீடம்தான் அண்ணி."

"பையைக் கேக்கல. உள்ள?"

கோப்பியை ஊதி ஊதிக் குடிச்சான். "பையைத் தூக்குறவன் பையைப் பத்திப் பேசக்கூடாது அண்ணி. அண்ணன் சொல்லிக் குடுத்தது அது"ன்னு செத்துப் போன என் புருசன் மேலயே பழியைப் போட்டுட்டு எழுந்து போயிட்டான். ஆனா போகும்போது அவன் முதுகு குலுங்குச்சு. சிரிக்கிறான் படுபாவி. அப்பத்தான் எனக்குள்ள ஒரு பொறி தட்டுச்சு. கோவம் பாதியாக் குறைஞ்சு, அட என்னதான்டா இருக்கு அந்தப் பையிலன்னு ஒரு அரிப்பு வந்துடுச்சு. கடையில உக்காந்தா இருப்புக் கொள்ளல. பிச்சைகிட்ட கடையை விட்டுட்டு சாயங்காலமா கோல்ப் திடல் பக்கம் போனேன்.

ரோட்டோரமா முள்வேலி, வேலியை ஒட்டி லாலாங் புல்லு, அந்தப் பக்கம் திடல். மொதல் நாள் மழை பேஞ்சு தரையெல்லாம் சொதசொதன்னு கிடக்கு. வேலிப் பக்கமா நின்னு புதுக் குடையை விரிச்சுக்கிட்டு, யாருக்கோ காத்திருக்குறவ மாதிரி நின்னேன். வெள்ளைக்காரர் ரெண்டு பேரு போனாங்க. ஒரு தவுக்கே போனாரு. எல்லார் பையும் சிவப்பும் தங்கமுமா மின்னுது. அடிச்ச கையோட ஸ்டிக்கை ஒரு துணியால துடைச்சு நேரா பைக்குள்ள சொருகிடுறாங்க. கூட ஆடுறவன் திரும்பிப் பாக்குறதுகூட இல்ல. அடுத்தவன் ஸ்டிக்கை எட்டிப் பாக்குறது மரியாதை இல்லையாம், பின்னாடி கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

அப்புறம் மாணிக்கவாசகம் சார் வந்தாரு. இங்கிலீஸ் ஸ்கூல் வாத்தியார். அந்தக் கிளப்புக்குள்ள பை தூக்காம, பந்து அடிக்கன்னு போன மொதல் தமிழர்கள்ல ஒருத்தரு. மெர்டேக்கா வரப்போகுதுன்னதும் கிளப்புல நம்ம ஆளுங்களையும் சேத்துக்கிட்டாங்க, அதுல இவரும் ஒருத்தர். எங்க கடையில பை வாங்கினவரு, உறை வாங்கினவரு. சுத்தமான மனுசன். கையைப் பின்னாடி ஓங்கி வேலிப் பக்கத்துலேருந்து ஒரு அடி அடிச்சாரு பாருங்க, பந்து இருந்த இடத்துலயே இருக்கு, ஸ்டிக் மண்டை மட்டும் கழண்டு விர்ருன்னு என் குடை மேல வந்து விழுந்துச்சு. புதுக்குடை கிழிஞ்சுது. மண்டை லாலாங்ல விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்தேன்.

மண்ணைத் துடைச்சுத் திருப்பிப் பாத்தா கிரீடம் இல்ல. பறக்குற மாதிரி ஒரு குட்டிக் குருவி.

எனக்குத் தெரிஞ்ச மார்க்தான் அது. சீமையில விக்கிற சாதா சரக்கு. இங்க ஏஜென்டுகூடக் கிடையாது, அதை விக்கிறதைக் கௌரவக் குறைச்சலா நெனப்பாங்க. சார் வேலிக்கிட்ட ஓடி வந்தாரு. என்னைப் பாத்தாரு, என் கையில இருக்குறதைப் பாத்தாரு, அப்படியே நின்னுட்டாரு. வகுப்புல பாடம் நடத்துற மனுசன் முகம் சின்னப் பிள்ளை முகமா போயிடுச்சு. பின்னாடி பையைத் தூக்கிக்கிட்டு மருதமுத்து நிக்கிறான், வானத்தைப் பாத்துக்கிட்டு.

மண்டையை முந்தானையால துடைச்சு வேலி இடுக்கு வழியாக் குடுத்தேன். வாங்கிக்கிட்டாரு. போகல.

"அம்மா, அங்க உள்ள போனா மொதல்ல பையைத்தான் பாக்குறாங்க. அப்புறம்தான் மூஞ்சியைப் பாக்குறாங்க"ன்னாரு. "பை வாங்குற அளவுக்குத்தான் என் சம்பளம். ஸ்டிக் மருதமுத்து குடுத்தது. ஊருக்குப் போன ஒரு துரையோடது."

"துரை பையிலயும் குருவியா சார்?"

சார் மருதமுத்துவைப் பாத்தாரு. அவன் இதுக்கு மேல மறைக்க முடியாதுன்னு பையைக் கீழ வெச்சான். "எல்லார் பையிலயும் குருவிதான் அண்ணி. துரைங்க சீமையிலேருந்து வரும்போதே குருவியைத்தான் கொண்டாருவாங்க. கிரீடம் கனம். நம்ம மழை மண்ணுல அடிச்சா பொதைஞ்சு நின்னுடும். ஆனா பை மட்டும் கிரீடமா இருக்கணும், இல்லைன்னா மத்தவன் இளப்பமாப் பாப்பான். இப்ப துரைங்க ஊருக்குப் போறாங்களா, ஸ்டிக்கை எங்ககிட்ட தள்ளிட்டுப் போறாங்க. நாங்க புதுசா வர்றவங்களுக்குக் குடுக்குறோம். வாங்குறவங்க உங்க கடைக்கு வந்து பை வாங்கிக்கிறாங்க."

"ஒருத்தனுக்கு ஒருத்தன் தெரியாதா?"

"எல்லாருக்கும் தன்னுதுதான் தெரியும். மத்தவன் பையில நெசமாவே கிரீடம் இருக்குன்னு ஒவ்வொருத்தனும் நம்புறான். அதுக்குத்தான் பயப்படுறான்."

வீடு வந்து சேர்ற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தேன். கிழிஞ்ச குடையைப் பிடிச்சுக்கிட்டுத் தனியாச் சிரிச்சுக்கிட்டு வர்றவளைப் பாத்து ஊரு என்ன நெனச்சுச்சோ. ஊரே பேசுது கிரீடம் கிரீடம்னு, ஊர்ல ஒரு கிரீடம் இல்ல. கல்யாணப் பரிசா போன அந்த ஒண்ணுதான். வீட்டுக்குள்ள வந்து உக்காந்ததும்தான் சிரிப்பு நின்னுச்சு. ராஜரத்தினத்துக்கிட்ட இதைச் சொல்லலாம். ஆனா சும்மா சொன்னா நம்புவாரா? பையைத் திறந்து காட்டினாத்தான் நம்புவாரு. யார் பையை? மாணிக்கவாசகம் சார் பையையா? நேத்து வரைக்கும் கிளப்பு வாசல்ல நிக்க முடியாத மனுசன், இன்னைக்குத்தான் உள்ள போய் உக்காந்திருக்காரு. என் பேரைக் காப்பாத்திக்க அவர் பேரைக் கெடுக்கணும். எனக்கு ஏன்டா இந்தச் சங்கடம்னு இருந்துச்சு.

பிச்சைகிட்ட மட்டும் சொன்னேன். அவரு நரம்பு கட்டுறதை நிறுத்திட்டு, "காக், சாமி கும்பிடுற நாள்ல எல்லார் பையும் நம்ம கடையிலதானே இருக்கும்"னாரு. அது எனக்கும் தெரியும். அதுதான் என் பயமே.

ஆயுத பூசைக்கு எங்க கடையில ஒரு வழக்கம் உண்டு. எங்க வீட்டுக்காரர் இருந்த காலத்துல, பூசையன்னைக்கு ஒரு தவுக்கே தன்னோட பையை மறந்து கடையிலயே விட்டுட்டுப் போயிட்டாரு. இவரு கடைச் சாமானோட சேத்து அதுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சுட்டாரு. அடுத்த ஆட்டத்துல தவுக்கே கோப்பை ஜெயிச்சுட்டாரு. அவ்வளவுதான். அதுலேருந்து வருசா வருசம் பூசையன்னைக்கு சீனரு, தமிழரு, வெள்ளைக்காரரு எல்லார் பையும் எங்க கடைக்கு வந்துடும். மறுநாள் விசயதசமியில எடுத்துட்டுப் போவாங்க. வாசல்லேருந்து உள்ள வரைக்கும் சிவப்பும் தங்கமுமா நிக்கும். ஊரு அதைப் பாத்துத்தான் நான் கிரீடமா வித்துத் தள்ளுறேன்னு முடிவே கட்டுச்சு. பூட்டின பைதானே, பொட்டும் பைமேலதான் வெப்போம். திறக்கணும்னு யாரும் கேட்டது இல்ல.

அந்த வருசமும் வந்துச்சு. பிச்சை காலையிலேயே கடையைக் கழுவி மாவிலை கட்டி, வாழை இலையில பொரி, கடலை, அவல், பழம் எல்லாம் பரப்பிட்டாரு. ராக்கெட்டு, நரம்பு கட்டுற கருவி, சுத்தியல், கத்திரிக்கோல் எல்லாம் குளிச்சுப் பொட்டு வெச்சுக்கிட்டு வரிசையா இருக்கு. சாயங்காலம் ஆளுங்க பையோட வந்தாங்க. மாணிக்கவாசகம் சார் வந்தாரு, என்னைப் பாக்காம ஓரமா நின்னாரு. அந்தக் கோப்பை ஜெயிச்ச தவுக்கே வந்தாரு. ஒரு தோட்டத் துரையோட டிரைவர் பையைத் தூக்கிட்டு வந்தான். ஜெயா வீட்டு ஆளுங்களும் வேடிக்கை பாக்க நின்னாங்க.

ராஜரத்தினமும் வந்தாரு. கையில அவரோட பை. மத்த பை எல்லாத்தையும்விடப் பெருசு, பளபளன்னு, அவர் பேரே தங்கத்துல எழுதியிருந்துச்சு. நடுவுல, சாமி படத்துக்கு நேர கீழ வெச்சாரு. நல்ல சைவர். கையைக் கூப்பிக் கும்பிட்டாரு. கும்பிட்டு முடிச்சுட்டு என் பக்கம் திரும்பினாரு.

"என்ன பிள்ளை, காட்டச் சொன்னனான், எங்க?"

"எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும் ஐயா. எங்கிட்டயிருந்து இல்ல. அதுக்கு மேல சொல்ல மாட்டேன்."

"அது கதை இல்லை." சுத்திலும் நிக்கிற பைகளைப் பாத்தாரு. சுத்தியல்ல வெச்சிருந்த பொட்டையும் பாத்தாரு. அவர் கண்ணுல ஒரு சின்னச் சிரிப்பு வந்துச்சு. "ஆயுத பூசை எண்டால் ஆயுதத்துக்குத்தானே பொட்டு? உறைக்கே பொட்டு வைக்கிறியள்? சுத்தியலைப் பையில போட்டுப் பூட்டியே கும்பிட்டனியள்? எல்லாப் பையையும் திறவுங்கோ. இரும்பில சந்தனம் படட்டும். ஸ்டிக்கில நம்பர் அடிச்சிருக்கும், எந்தக் கப்பலில வந்தது எண்டு நான் பாத்துச் சொல்லுறன்."

எல்லார் கையும் அவங்கவங்க பூட்டுக்குப் போச்சு. தவுக்கே முகத்துல ரத்தம் இல்ல. டிரைவர் துரையோட பையைக் காலுக்குப் பின்னாடி தள்ளிக்கிட்டான். மாணிக்கவாசகம் சார் தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அவங்க ஒவ்வொருத்தர் மனசுலயும் என்ன ஓடுதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு மூடியைத் தூக்கினா நான் தப்பிச்சேன். ஒரே ஒரு மூடி.

"முடியாது"ன்னேன். "என் கடைக்குள்ள சாமிய நம்பிக் கொண்டாந்து வெச்ச பை. அதை நான் திறக்க மாட்டேன், உங்களையும் திறக்க விடமாட்டேன். பொட்டு உறைமேல வெச்சாலும் சாமி கோவிச்சுக்காது. போர்டுதானே வேணும்? பிச்சை, ஏணியை எடுங்க. ஐயாவுக்குப் போர்டைக் கழட்டிக் குடுங்க."

சொல்லிட்டேனே தவிர, எங்க வீட்டுக்காரர் அந்தப் போர்டு வந்த அன்னைக்குப் பத்தி கொளுத்திச் சுத்தினது கண்ணு முன்னாடி வந்துச்சு. அழக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். பிச்சை நகரல. நான் மறுபடி சொன்னேன். மெல்லப் போய் ஏணியை எடுத்தாரு.

அப்பத்தான் சாவி திரும்புற சத்தம் கேட்டுச்சு. மாணிக்கவாசகம் சார் தன்னோட பைக்குப் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்திருந்தாரு. மூடியைக் கழட்டி, ஸ்டிக்கை ஒவ்வொண்ணா உருவி வாழை இலை ஓரமா, சுத்தியலுக்குப் பக்கத்துல வரிசையா வெச்சாரு. மண்டையைத் திருப்பி வெச்சாரு, எல்லாருக்கும் தெரியுற மாதிரி. எல்லாம் குருவி. ஒண்ணுல மண்டையைத் திரும்ப ஒட்டின பசை இன்னும் பிசுபிசுன்னு இருந்துச்சு.

"ஏன் சார் இப்படிப் பண்ணுறீங்க"ன்னேன்.

"பொட்டு வைங்கம்மா. நாளைக்கு இதாலதானே ஆடப் போறேன்"னாரு. காதெல்லாம் செவந்து கிடந்துச்சு, ஆனா தலை நிமிர்ந்திருந்துச்சு. "இந்தம்மா கிரீடம் விக்கல, கள்ளத்தனமாவும் விக்கல. கிரீடத்தை இங்க யாரும் வாங்கவே இல்ல. அதான் விசயம்"னு ராஜரத்தினத்தைப் பாத்துச் சொன்னாரு.

தவுக்கே சாரோட ஸ்டிக்கைக் குனிஞ்சு பாத்தாரு. நிமிர்ந்து பாத்தாரு. திரும்பக் குனிஞ்சாரு. அப்புறம் வயிறு குலுங்கச் சிரிச்சாரு. "சாமா லா, சிக்கு, சாமா"ன்னு, நமக்கும் அதேதான் வாத்தியாரேன்னு மலாயில சொல்லிக்கிட்டே தன் பையைத் திறந்து கொட்டினாரு. குருவியாக் கொட்டுச்சு. டிரைவர் மட்டும் துரை பையைத் தூக்கிக்கிட்டு வெளியில போயிட்டான். இன்னும் ரெண்டு மூணு பேரு சாவியைக் கையில வெச்சுக்கிட்டு முழிச்சாங்க, திறக்கல. நான் யாரையும் கேக்கல.

சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். சார் ஸ்டிக்குக்கு வெச்சேன், தவுக்கே ஸ்டிக்குக்கு வெச்சேன். அடுத்தது நடுவுல நிக்கிற பெரிய பை. நெசமா சொல்றேன், எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது. அவரு கம்பெனி ஆளு. காசு குடுக்காமலேயே ஸ்டிக் கிடைக்கிறவரு. அவர் சொன்ன ஞாயப்படி இரும்புக்கு வைக்கணுமேன்னுதான், "ஐயா, உங்க பையைத் திறங்க"ன்னேன்.

மனுசன் அசையல. சாவி கையில இருக்கு, கை சட்டைப் பையில இருக்கு. நெத்தியில வேர்வை. "நாளைக்கு வைக்கலாம்"னாரு. நான் கிண்ணத்தோட நிக்கிறேன். சார் பாக்குறாரு, தவுக்கே பாக்குறாரு, ஏணியைப் பிடிச்சுக்கிட்டு பிச்சை பாக்குறாரு. எனக்கு மெல்லப் புரிஞ்சுது. அட ராமான்னு நெனச்சேன். கோவம், சிரிப்பு, பரிதாபம் மூணும் ஒண்ணா வந்துச்சு.

"திறக்க வேணாம்னா விட்டுடுங்க ஐயா. நான் மேலயே வெச்சுடுறேன்"னேன். நெசமாத்தான் சொன்னேன், குத்திக் காட்ட இல்ல.

அது அவருக்கு உறைச்சுது. குனிஞ்சு பூட்டைத் திறந்தாரு. தங்க நூல் தெச்ச உறையை ஒவ்வொண்ணாக் கழட்டினாரு. குருவி. எல்லாமே நல்லா பழகின, விளிம்பு தேஞ்ச குருவி.

"கம்பெனி தந்த செட் வீட்டில கிடக்குது"ன்னாரு, என்னைப் பாக்காம. "அதால அடிச்சால் எனக்குப் பந்து போறேல்லை. எனக்கு மட்டும்தான் அப்பிடி எண்டு நினைச்சிருந்தன்."

ஒவ்வொரு இரும்புக்கும் சந்தனம் வெச்சு, அதுமேல குங்குமம் வெச்சேன். மெதுவா, ஒண்ணும் விடாம வெச்சேன். அவரு பக்கத்துல வந்து, ஏணியைத் திரும்ப வைக்கச் சொல்லிப் பிச்சைக்குக் கையைக் காட்டினாரு. குரலைத் தாழ்த்தி, என் காதுக்கு மட்டும் கேக்குற மாதிரி, "போர்ட் இருக்கட்டும் பிள்ளை"ன்னாரு.

"போர்டு உங்களுது ஐயா. நீங்க வெச்சாலும் சரி, எடுத்தாலும் சரி. அன்னைக்கு எடுத்துட்டுப் போனது என் பேரு."

"நான் சொன்னது பிழை"ன்னாரு. பக்கத்துல நின்ன எனக்கே சரியாக் கேக்கல.

"அன்னைக்கு ரோடு வரைக்கும் கேட்டுச்சு ஐயா. இன்னைக்கும் கேக்கட்டும்"னேன்.